வெயில் படாத சுவர்

மே 4, திங்கள்

கோயம்புத்தூர் கலர் லேபுக்குப் போன் செய்து, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

ஃபிலோமினா மேடம்தான் எடுத்தார். இன்டர்வியூ அன்று ஒரு கல்யாணப் படத்தைத் திரையில் போட்டு, மணப்பெண் முகத்தில் விழுந்திருந்த பந்தல் துணியின் பச்சையை எடுக்கச் சொன்னவர். நான் முடிக்கும்வரை பின்னால் நின்று பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல், "ஜூன் ஒண்ணாம் தேதி வந்துடுங்க" என்றவர்.

"வீட்டிலேயே பிரிண்டர் வாங்கப் போறோம் மேடம். ஃபோட்டோவும் கேன்வாஸும் நானே அடிச்சுக் கொடுக்கப் போறேன்," என்றேன். கண்ணாடி முன் பலமுறை சொல்லிப் பார்த்த பிறகுதான் போனைக் கையில் எடுத்தேன்.

"சொந்தமாவா? நல்லது. எந்த மெஷின்?"

"இன்னும் முடிவு பண்ணலை மேடம்."

"கேன்வாஸ்னா பார்த்து வாங்குங்க," என்று வைத்துவிட்டார். கோபமாகத் தெரியவில்லை.

அண்ணன் சொன்னதும் சரிதான். தெரியாத ஊர், ஹாஸ்டல் சாப்பாடு. அப்பா போன பிறகு பத்தாவதோடு நின்று, ஆஃப்செட் பிரஸ்ஸில் தாள் அடுக்கப் போய், இன்று நாலு கலர் மெஷின் ஓட்டுகிறவன் அவன். அவன் படிக்க வைத்ததால்தான் எங்கள் வீட்டில் முதல் டிகிரி வந்தது. இல்லையென்றால் நானும் அம்மாவோடு உட்கார்ந்து காலண்டருக்குத் தகரம் அடித்துக்கொண்டிருப்பேன். அவனே "நீ எங்கயும் போக வேண்டாம், எந்த மெஷின் வேணுமோ நீயே பார்த்துச் சொல்லு" என்கிறபோது வேறென்ன வேண்டும்.

நீயே பார்த்துச் சொல்லு. எழுதிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

மே 7, வியாழன்

மூன்று நாளாக பிரிண்டர் வீடியோக்கள்தான். மதினி அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னோடு பார்க்கிறாள். ரஞ்சித மதினி இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆனால் அவளிடம் மட்டும்தான் எனக்குப் பேச்சு வரும். மற்றவர்கள் முன்னால் தொண்டை அடைத்துக்கொள்ளும். பங்குனியில் என்னைப் பெண் பார்க்க மூன்று வீட்டார் வந்தார்கள். காபித் தட்டோடு நின்றதைத் தவிர எதுவும் செய்யவில்லை நான். மூன்றாவது வீட்டு அத்தை வாசலில் செருப்பு மாட்டும்போது, "பிள்ளைக்குப் பேச்சு வரும்ல?" என்று கேட்டது உள்ளே கேட்டது.

அது கிடக்கட்டும்.

இப்போது கையில் இரண்டு மெஷின்கள். ஒன்று பிக்மென்ட் மை. அதன் நிறம் பொடியாகத் தாளின் மேல் உட்காரும். வருஷக்கணக்கில் வெளிறாது, ஈரம் பட்டாலும் சட்டென்று கரையாது, கேன்வாஸுக்கு அதுதான் சரி. பின்பக்கத்திலிருந்து தடித்த துணியை நேராக உள்ளே விடலாம், மடங்காது. ஸ்கேனர் கிடையாது. இன்னொன்று டை மை, ஆறு கலர். மை தாளுக்குள் ஊறிவிடும். பளபளப்புத் தாளில் அடித்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் வெயில் பட்டால் சீக்கிரம் வெளிறும். மேலே ஸ்கேனர் உண்டு, ஜெராக்ஸ் எடுக்கலாம்.

"அப்ப முதல் மெஷின்தானே? இதுக்கு எதுக்கு மூணு நாளு?" என்றாள் மதினி.

"பிக்மென்ட்ல ஒரு தொல்லை இருக்கு மதினி. சும்மா போட்டு வச்சா துளையெல்லாம் அடைச்சுக்கும். அடிக்கடி ஓட்டணும்."

"உன்னை மாதிரின்னு சொல்லு," என்றாள். இருவரும் சிரித்தோம்.

அண்ணன் சாப்பிட வந்தபோது ஒரு படம் அச்சாகும் வீடியோவைக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவன், "எங்க மெஷின் ஒரு மணி நேரத்துல பத்தாயிரம் ஷீட் தள்ளும். இது என்னடா, கோழி முட்டை போடுற மாதிரி முக்குது," என்றான். அம்மாகூடச் சிரித்தாள்.

பிறகு, "ஸ்கேனர் உள்ளதா பாரு," என்றான்.

"நமக்கு எதுக்குண்ணே?"

"இருந்துட்டுப் போகட்டுமே."

மே 10, ஞாயிறு

மதுரைக்குப் போய்க் கடையில் நேரில் பார்த்தோம். ஒரே படத்தை இரண்டு மெஷினிலும் அடித்துப் பார்க்க பென் டிரைவில் கொண்டுபோயிருந்தேன். அம்மாவின் படம். மாநிற முகம், கருப்புக் கரை போட்ட சேலை, பின்னால் சுண்ணாம்புச் சுவர். தோலும் கருப்பும் வெள்ளையும் ஒரே படத்தில் இருந்தால் மெஷின் பொய் சொல்ல முடியாது.

கடைக்காரர் அண்ணனிடம்தான் பேசினார். நான் மதினியின் காதில் சொன்னேன், மதினி சத்தமாகக் கேட்டாள். "கேன்வாஸ்ல அடிச்சுக் காட்டுங்க. தாள்ல யார் வேணா அடிப்பாங்க!" கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

கேன்வாஸில் பிக்மென்ட் அடித்த அம்மா அம்மாவாகவே இருந்தாள். டை மையில் சேலைக் கரையின் கருப்பில் லேசாகப் பச்சை ஓடியது. கடை விளக்கினால் இருக்குமோ என்று வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பச்சைதான்.

"இதுதாண்ணே," என்று பிக்மென்ட்டைத் தொட்டுக் காட்டினேன். கடையில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே வார்த்தை.

அண்ணன் வெளியே போய் யாருக்கோ போன் செய்தான். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று பேசினான். திரும்பி வந்து, "வாங்கிடுவோம், அவசரம் என்ன," என்றான். பஸ்ஸில் மதினி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அம்மா படங்கள் இரண்டையும் மடங்காமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

மே 13, புதன்

ஆட்டோவில் மெஷின் வந்தது. பெட்டியின் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டை மை. ஸ்கேனர் உள்ளது.

"நீ சொன்னது ஸ்டாக் இல்லைன்னுட்டான். வர ரெண்டு மாசம் ஆகுமாம்," என்றான் அண்ணன்.

நான் காத்திருந்திருப்பேன். ஆனால் அவன் சட்டையெல்லாம் வேர்த்து நனைந்து, அந்தப் பெட்டியைத் தனியாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்திருக்கிறான். பரவாயில்லை. டை மையிலும் நன்றாக அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். காயவிட்டு, மேலே வார்னிஷ் அடித்தால் போதும்.

பரவாயில்லை.

மாலையில் சந்தனம் குங்குமம் வைத்தோம். முதலில் எதை அடிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மதினி என் ஜாதகத்தைக் கொண்டுவந்தாள். "தாளு பழசாகிக் கிழியுது. இதையே முதல்ல ஒரு காப்பி எடேன், ஸ்கேனர் வேலை செய்யுதான்னும் தெரிஞ்சுரும்." மூலையில் மஞ்சள் தடவிய பழுப்புத் தாள். அந்தப் பழுப்பு நிறம் அப்படியே வந்தது. மதினி இரண்டு காப்பி கேட்டாள். கொடுத்தேன்.

மே 14, வியாழன்

வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. பிரிண்டரைச் சுவர் சுவிட்சில் அணைக்கக் கூடாது. அதிலுள்ள பட்டனை அமுக்கினால்தான் மை தெளிக்கும் துளைகளுள்ள மைத்தலை தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். பாதியில் கரண்டை நிறுத்தினால் திறந்தபடியே காயும். அம்மா தலையை ஆட்டினாள். "வாய மூடிக்கிட்டுத் தூங்கணும்கிறே."

மே 17, ஞாயிறு

முதல் கேன்வாஸ் வீண். காயும் முன்பே சட்டத்தில் இழுத்து ஆணி அடித்துவிட்டேன், மடிப்பில் வெடித்து வெள்ளைத் துணி தெரிந்தது. அழுகை வந்தது. மதினி, "வெடிச்சது ஓரம்தானே, ஆளு நல்லாத்தானே இருக்கு," என்றாள். படத்தில் இருந்தது அவளும் அண்ணனும்.

இரண்டாவதை ஒரு நாள் முழுக்கக் காயவிடப் போகிறேன். சுற்றிலும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட வேண்டும், மடிக்க.

மே 20, புதன்

கஸ்டமர் வருகிறார்கள்! சாத்தூரிலிருந்து. மதினியின் அம்மா வீட்டுப் பக்கம் தெரிந்தவர்களாம். கேன்வாஸ் வேண்டுமாம், மாதிரி பார்த்துவிட்டுச் சொல்வார்களாம்.

"அந்த மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கோ," என்றாள் மதினி. "கஸ்டமர் முன்னாடி நைட்டியோடயா நிப்பே?"

சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசையாக மனப்பாடம் செய்திருக்கிறேன்.

மே 21, வியாழன்

இன்று நான் பேசினேன். ஏறக்குறைய ஒரு மணி நேரம். முன்பின் தெரியாதவர்களிடம்.

வந்தவர்கள் இரண்டு பேர். கந்தவேல் ஐயா, வெள்ளை வேட்டி, தும்பைப்பூ நிறத்தில் மீசை. அவர் மனைவி தனபாக்கியம் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே அறை முழுவதையும் பார்த்துவிட்டார். முதலில் வழக்கம்போல எனக்குத் தொண்டை அடைத்தது. மதினிதான், "மதுரையில ரெண்டு படத்தை அடிச்சியே, அதைக் காட்டு," என்று தள்ளிவிட்டாள். அம்மாவின் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இந்தக் கருப்பைப் பாருங்கள், அந்தக் கருப்பைப் பாருங்கள் என்று ஆரம்பித்தேன். அப்புறம் நிற்கவில்லை. டை மை என்றால் என்ன, ஏன் காயவிட வேண்டும், வார்னிஷ் எதற்கு, தோல் நிறத்தைக் கெடுக்காமல் நிழலை மட்டும் எப்படித் தூக்குவது, எல்லாம் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. கந்தவேல் ஐயா இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"நல்லா விவரமாப் பேசுதே பிள்ளை!" என்றார் மதினியிடம்.

"நான்தான் சொன்னேனே சித்தப்பா," என்றாள் மதினி. தெரிந்தவர்கள் எல்லோரையும் முறை சொல்லித்தான் கூப்பிடுவாள் அவள்.

தனபாக்கியம் அம்மா மேல் தட்டில் இருக்கும் கேன்வாஸை எடுக்கச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். "எட்டுதே! நான் ஸ்டூல் போடணும்," என்று எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று உயரம் பார்த்தார். எல்லோரும் சிரித்தோம். வாசல் வெளிச்சத்தில் படத்தைப் பார்க்க வேண்டும் என்று என்னை வாசல்வரை நடக்க வைத்தார். வெளிச்சத்தில் பார்க்கக் கேட்கிற கஸ்டமர் என்றால் விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன். நான் பேசும்போது செல்போனில் படம்கூட எடுத்தார், வீட்டில் காட்ட வேண்டுமாம். படம் தெளிவாக விழட்டும் என்று கேன்வாஸைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.

"சமையல் எல்லாம் உண்டா, இல்ல இந்த மெஷின்தானா?" என்று கேட்டார்.

"ரெண்டும் உண்டும்மா," என்றாள் அம்மா, எனக்கு முன்னால்.

கொடுத்துவிட்டுப் போனது ஒரு குடும்பப் படம். கோயில் கொடைக்குப் போனபோது மரத்தடியில் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

மே 22, வெள்ளி

படத்தில் ஏழு பேர். நடுவில் நிற்கும் பையன் முகத்தில் மட்டும் கிளை நிழல் விழுந்து பாதி தெரியவில்லை. அவர்களின் மகனாம், தினகர். சாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாராம். காலையிலிருந்து அந்த ஒரு முகத்தில்தான் வேலை. கன்னத்துக்குக் கீழே நிழலைத் தூக்கினால் கழுத்து சாம்பலாகிறது. கழுத்தைச் சரி செய்தால் காது சிவக்கிறது. மதினி இரண்டு தடவை வந்து பார்த்தாள்.

"ரொம்ப நேரமா பார்க்கிறியே," என்றாள்.

"முகம் சரியா வரணும்ல மதினி."

"வரட்டும், வரட்டும்," என்று போனாள்.

மே 24, ஞாயிறு

கொண்டுபோனார்கள். நான் அடித்ததிலேயே சிறந்தது. ஓரத்தில் ஒரு வெடிப்பு இல்லை.

தனபாக்கியம் அம்மா விரலை நடுவில் வைத்து, "இவன் இன்னும் கொஞ்சம் நிறமாத் தெரிஞ்சா நல்லாருக்கும்ல?" என்றார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ, "வேண்டாம்மா. அவரோட நிறமே நல்லாருக்கு. மாத்தினா அவர் மாதிரி இருக்காது," என்றேன்.

தனபாக்கியம் அம்மா கந்தவேல் ஐயாவைப் பார்த்தார். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துச் சிரித்தான். வேலையில் பிடிவாதமாக இருந்தால் கஸ்டமருக்குப் பிடிக்கிறது.

போகும்போது சொன்னேன். "இது டை மை. வெயில் படாத சுவர்ல மாட்டுங்க. வாசலுக்கு நேரா வேண்டாம்." படியில் இறங்கும்போது மறுபடி ஒரு முறை சொன்னேன். "சரி தாயி, சரி தாயி," என்றார் ஐயா.

மே 28, வியாழன்

வேறு கஸ்டமர் யாரும் இல்லை. வாசலில் ஒரு சின்ன போர்டு வைக்கலாமா என்று கேட்டேன். "போர்டெல்லாம் இப்ப எதுக்கு," என்றான் அண்ணன்.

ஜூன் 1, திங்கள்

கோயம்புத்தூரில் சேர்ந்திருக்க வேண்டிய நாள். நாள் முழுக்கப் பிரிண்டருக்குத் தூசி துடைத்தேன்.

ஜூன் 8, திங்கள்

காலையில் அம்மா பித்தளைத் தாம்பாளங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். அடுத்த தாம்பாளத்தை இழுத்து வைத்துத் தேய்த்தாள்.

மதினிதான் என்னை அறைக்குக் கூட்டிப் போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். "புதன்கிழமை பூ வைக்க வாராங்க. வைகாசிக்குள்ள வச்சிரணும்கிறாங்க."

"யாருக்கு?"

"யாருக்கா? உனக்குத்தான்."

"யாரு வாராங்க?"

"சாத்தூர்ல இருந்து. எங்க கந்தவேல் சித்தப்பா வீடு."

நான் அப்போதும், கஸ்டமர் எதற்குப் பூ வைக்க வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். வெட்கக்கேடு. இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது.

"நான் மாப்பிள்ளையைப் பார்க்கவே இல்லையே மதினி."

"பார்க்கலையா? ரெண்டு நாளு வச்ச கண் வாங்காமப் பார்த்தியே! பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்த்தே. நானே பார்த்தேன்ல."

"அது நிழல் எடுக்கிறதுக்கு."

"நிறமே நல்லாருக்கு, மாத்த வேண்டாம்னு நீதானே சொன்னே? பிள்ளை வாயாலயே சம்மதம் சொல்லிருச்சுன்னு அவங்க வீட்ல ஒரே கொண்டாட்டம்."

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான். அவளுக்கு இது ஒரு நல்ல காரியம். "பொண்ணு பார்க்க வாராங்கன்னு சொன்னா நீ வாயத் திறக்க மாட்டே. பங்குனியில பார்த்தோமே. உனக்கு மை பத்திக் கேட்டா மட்டும்தான் பேச்சு வரும். அதான் நானும் உங்க அண்ணனும் யோசிச்சு..."

பிறகு தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அன்று தனபாக்கியம் அம்மா எடுத்தது. மயில்கழுத்துச் சேலை, கையில் தூக்கிப் பிடித்த கேன்வாஸ், வாய் திறந்திருக்கிறது, ஒரு வார்த்தையின் நடுவில். கண் ரெண்டும் விரிந்திருக்கிறது. என் முகம் அப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"இதைப் பார்த்துத்தான் தினகர் சரின்னது," என்றாள்.

இந்த நோட்டில் எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருக்கிறேன். உயரம் பார்த்தது, நடக்க வைத்தது, ஜாதகம். கண்ணில் பட்டது எல்லாம் இருக்கிறது. என்ன பார்க்கிறேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

அண்ணன் பிரஸ்ஸிலிருந்து வந்ததும் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்க நினைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"மதுரையில நிஜமாவே ஸ்டாக் இல்லையா?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "மாப்பிள்ளைக்கு ஸ்கேனர் உள்ளதுதான் வேணுமாம். கடைக்கு அதுதான் ஓடுமாம். சீரோட மெஷினும் வரும்னு சொல்லியிருக்கேன்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பேசியது அவரிடம்தான்.

"அப்ப நான் அங்க போய்க் கடையில மெஷின் ஓட்டணுமா?"

"நீ எதுக்குக் கடைக்குப் போகணும்? ஒரு ஆளைப் போட்டுக்கிடுவாரு. நீ வீட்ல ராணி மாதிரி இரு." அவன் குரல் இறங்கியது. "உனக்கு நல்லதுதான் பண்ணுவேன் செவ்வந்தி. கெட்டதா பண்ணுவேன்?"

நல்லது என்றுதான் நினைத்திருக்கிறான். அதனால்தான் அவன் முகத்தைப் பார்த்து என்னால் கத்த முடியவில்லை.

நீயே பார்த்துச் சொல்லு என்றானே.

ஜூன் 10, புதன்

பதினைந்து பேர் வந்தார்கள். தாம்பாளத்தில் மல்லிகை, பழம், மஞ்சள் கிழங்கு. நான் மயில்கழுத்துச் சேலைதான் கட்டியிருந்தேன், மதினியின் விருப்பம்.

தினகர் உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது பிரிண்டரை. மேலே போர்த்தியிருந்த துணியை விலக்கி, ஸ்கேனர் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். பட்டனை அமுக்கி ஓடவிட்டார். அது தயாராகி உறுமியதும், "நல்லா கண்டிஷன்லதான் இருக்கு," என்று யாரிடமோ சொல்லிவிட்டு, சுவரில் கை நீட்டிச் சுவிட்சைத் தட்டி அணைத்தார்.

மைத்தலை வழியிலேயே நின்றுவிட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

என்னைப் பாயில் உட்கார வைத்தார்கள். தனபாக்கியம் அம்மா பூச்சரத்தை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். பூவின் ஈரம் பின்கழுத்தில் பட்டது.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றேன்.

கை நின்றது. அறையும் நின்றது. என் தொண்டை அடைக்கவில்லை. ஏனென்றால் நான் கேட்க வேண்டியது மை பற்றித்தான்.

"அந்தக் கேன்வாஸை எங்க மாட்டியிருக்கீங்க?"

கந்தவேல் ஐயாவின் முகம் மலர்ந்தது. "நடுக்கூடத்துல தாயி! வாசலுக்கு நேரா. காலையில வெயில் நேரா வந்து விழும், என்ன பளபளப்பு! வர்றவன் போறவன் எல்லாம் யாரு பண்ணதுன்னு கேக்குறான். எங்க மருமகதான்னு சொல்றேன்."

"எங்க மாட்டச் சொன்னேன்?"

அவர் மனைவியைப் பார்த்தார். தனபாக்கியம் அம்மா மதினியைப் பார்த்தார்.

"ரெண்டு தடவை சொன்னேன் ஐயா. இங்க ஒரு தடவை, படியில இறங்கும்போது ஒரு தடவை."

"என்னமோ... நல்ல இடமாப் பார்த்து மாட்டுங்கன்னு நீ சொன்ன மாதிரி..."

"அன்னைக்கு ஒரு மணி நேரம் பேசினேன். அதுல ஒரு வார்த்தை, ஏதாவது ஒண்ணு, ஞாபகம் இருந்தாச் சொல்லுங்க. பூ வச்சுக்கிறேன்."

சண்டைக்காகக் கேட்கவில்லை. சத்தியமாக, யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. ஐயா மீசையைத் தடவினார். யாரோ ஒரு கிழவர், "பொண்ணு என்ன பரீட்சை வைக்குது?" என்று சிரித்தார். தினகர் தன் போனைப் பார்த்தார். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மதினியைப் பார்த்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லா வீடியோவையும் என்னோடு பார்த்தவள். அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரியும், ஒரு வார்த்தை விடாமல். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அன்னைக்கு நீங்க வந்தது கேன்வாஸுக்குன்னு நினைச்சேன்," என்றேன். "எனக்கு இதுல சம்மதம் இல்லை. நிறம் நல்லாருக்குன்னு சொன்னது படத்துக்கு."

எழுந்து போய்ப் பிரிண்டரின் சுவிட்சைப் போட்டேன். மைத்தலை தன் இடத்தைத் தேடிப் போகும்வரை நின்றேன். பிறகு பட்டனை அமுக்கி முறையாக அணைத்தேன். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் தாம்பாளங்கள் எடுக்கும் சத்தம் கேட்டது.

ஜூன் 12, வெள்ளி

அண்ணன் பேசவில்லை. அம்மா இரண்டு நாளாகச் சாமிக்குக்கூடப் பூ வாங்கவில்லை.

மெஷினை ஓட்டிப் பார்த்தேன். சோதனைத் தாளில் கருப்புக் கோடு இரண்டு இடத்தில் விட்டுப்போயிருந்தது. மூன்று முறை சுத்தம் செய்த பிறகு வந்தது.

மதினி வாசற்படியில் நின்றாள். "என்மேல கோபமா?" என்றாள்.

"அந்தப் படத்தை எனக்கு அனுப்புங்க."

"எந்தப் படம்?"

"நான் பேசுற படம்."

அனுப்பினாள். பிறகும் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் ஏமாற்றினால் அண்ணன் என்று ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம். எனக்குப் பேச்சு வரும் ஒரே இடம் அவள். அந்த இடத்தையே கதவாக்கி ஆட்களை உள்ளே விட்டிருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்ல நினைத்தேன். வரவில்லை. இனி அவளிடமும் வராது போலிருக்கிறது.

மீதியிருந்த கடைசிக் கேன்வாஸில் அந்தப் படத்தை அடித்தேன்.

ஜூன் 14, ஞாயிறு

ஃபிலோமினா மேடத்துக்குப் போன் செய்தேன். என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம். "வந்து வேலையைக் காட்டுங்க. அப்புறம் பார்ப்போம்," என்றார். வாக்கு எதுவும் கொடுக்கவில்லை.

பையில் துணி அடுக்கும்போது அம்மா வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். கேன்வாஸ் சுருளின் இரண்டு முனையிலும் பிளாஸ்டிக் கவரைப் போட்டு, காலண்டர் கட்டும் நூலால் இறுக்கிக் கட்டினாள். "அங்கிட்டு மழையாம்," என்றாள்.

மதினி, "மெஷினை என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

"பட்டன்ல அணைங்க. வாரத்துக்கு ஒரு கலர் படம் அடிங்க. இல்லைன்னா அடைச்சுக்கும்."

"என்ன படம் அடிக்க?"

"எதுவானாலும் சரி மதினி."

ஜூன் 15, திங்கள்

மேடம் சுருளைப் பிரித்து மேசை மேல் விரித்தார். படத்தில் இருப்பது நான் என்பதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"கருப்புல பச்சை ஓடுது. டை மையா?"

"ஆமா மேடம்."

"கேன்வாஸ் அடிக்கிறவங்க ஏன் டை வாங்கினீங்க?"

"நான் தேர்ந்தெடுத்தது இது இல்லை மேடம்."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். இந்த முறை முகத்தை.

"பேசிட்டு இருக்கும்போது எடுத்திருக்காங்க. எதிர்ல யாரோ நல்லாக் காது கொடுத்துக் கேட்டிருக்கணும். இல்லைன்னா ஒருத்தருக்கு முகம் இப்படி வராது."

"இல்லை மேடம்," என்றேன். "யாருமே கேட்கலை."

வெளியே மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ கதவைத் தட்டினார்கள். மேடம், "அப்புறம் வாங்க," என்று குரல் கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருந்த கோப்புகளை எடுத்துக் கீழே வைத்தார்.

"உட்காருங்க. அன்னைக்கு என்ன சொல்லிட்டு இருந்தீங்க?"

உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன்.